மழையில் வண்டி திணறினால்: தண்ணீர் புகுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

மழையில் போய் வந்த மோட்டார் சைக்கிள் விட்டு விட்டு ஓடுகிறது. சும்மா நிற்கும்போது ஐட்லிங் சரியாகத்தான் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் இழுக்காமல் இடிக்கிறது, சைலன்சரில் டப் டப்பென்று வெடிக்கிறது. மறுநாள் வெயிலில் எடுத்தால் எதுவுமே நடக்காததுபோல் ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே ஓடுது" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. ஈரம் காய்ந்தபோது கோளாறும் கூடவே காய்ந்துவிட்டது.

இதில் உள்ள சிக்கலே அதுதான். வண்டி நனைந்திருக்கும்போது கோளாறு தெரியும், ஆனால் கையில் ஸ்பேனர் இருக்காது. ஸ்பேனர் கையில் இருக்கும்போது வண்டி காய்ந்திருக்கும். அதனால் ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் பார்ப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது, ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் ஏற்றும் காயிலை மாற்றுவது என்று குருட்டாம்போக்கில் செலவு ஏறும். அடுத்த மழையில் திரும்பவும் அதே திணறல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல நிலையில் இருக்கும் மோட்டார் சைக்கிள் கனமழையிலும் பிசகாமல் ஓட வேண்டும். அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. நனைந்தால் திணறுகிறது என்றால் எங்கோ ஒரு ரப்பர் வெடித்திருக்கிறது, ஒரு சிறு துளை சேற்றால் அடைத்திருக்கிறது, அல்லது ஒயர்களை இணைக்கும் ஒரு கனெக்டர் தளர்ந்திருக்கிறது. அந்தப் பழுது மழைக்கு முன்பே இருந்தது. மழை அதைக் காட்டிக்கொடுத்தது. ஆகவே தேட வேண்டியது தண்ணீரை அல்ல, தண்ணீர் புகுந்த வழியை.

தண்ணீருக்கு முதலில் பலியாவது எது

இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், சரியான நேரத்தில் ஒரு ஸ்பார்க், போதுமான கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் அழுத்தம்). வெறும் மழைத் தண்ணீர் கம்ப்ரஷனைத் தொடுவது அரிது. பெட்ரோலைக் கெடுக்கும், ஆனால் அதற்குக் கொஞ்சம் நேரமும் வாய்ப்பும் வேண்டும். ஸ்பார்க்கைக் கெடுக்க ஒரு மெல்லிய ஈரப் படலமே போதும்.

காரணம் வோல்டேஜ். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். இக்னிஷன் காயிலிலிருந்து அது பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து வெளியே வருகிறது. 10,000 முதல் 25,000 வரை என்று வைத்துக்கொள்ளலாம். அத்தனை அழுத்தத்தில் வரும் மின்சாரம் ஒயர், பிளக்கின் தலையில் மாட்டும் மூடியான பிளக் கேப், பிளக் என்ற வழியில் போய், பிளக்கின் நுனியில் இருக்கும் சின்ன இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அந்த இடைவெளி 0.7 முதல் 0.9 மி.மீ. வழியில் எங்காவது இதைவிடச் சுலபமான பாதை கிடைத்தால் அது அங்கேயே இறங்கிவிடும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. சாலையிலிருந்து தெறிக்கும் தண்ணீரில் சேறும் உப்பும் கரைந்திருக்கின்றன. அது நன்றாகவே கடத்தும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மீது அப்படிப்பட்ட ஈரம் படிந்தால், ஸ்பார்க் சிலிண்டருக்குள் விழாமல் பீங்கானின் வெளிப்பக்கமாகவே வழிந்து இன்ஜின் உலோகத்துக்குப் போய்விடும்.

ஐட்லிங்கில் சரியாக இருந்துவிட்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் மட்டும் ஏன் திணறுகிறது? ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் போகும் கலவை கொஞ்சம். அது அமுக்கப்படும்போது வரும் அழுத்தமும் குறைவு. அந்த மெல்லிய வாயுவுக்குள் ஸ்பார்க் சுலபமாகக் குதித்துவிடும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் உள்ளே நெருக்கமான கலவை நிறைகிறது, அழுத்தம் ஏறுகிறது, குதிக்கத் தேவைப்படும் வோல்டேஜும் ஏறுகிறது. அந்த நொடியில் வெளியே இருக்கும் ஈரப் பாதை உள்ளே இருக்கும் பாதையைவிடச் சுலபமாகிவிடுகிறது. ஸ்பார்க் தவறுகிறது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய், அங்கே சூட்டில் பற்றி வெடிக்கிறது. 'சும்மா நின்றால் சரி, இழுத்தால் இடி' என்ற ஒரு அடையாளத்தை வைத்தே முதல் சந்தேகத்தைப் பிளக் கேப்பின்மீது போடலாம்.

எப்போது ஆரம்பித்தது, எப்போது நின்றது

எதையும் கழற்றுவதற்கு முன் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் வேண்டும். பாதிக் கண்டுபிடிப்பு இதிலேயே முடிந்துவிடும்.

மழை பிடித்த சில நிமிடங்களில், அல்லது வண்டியைக் கழுவி எடுத்தவுடன் திணறல் தொடங்கி, இன்ஜின் சூடேற ஏறக் குறைந்துகொண்டே போனால் அது ஸ்பார்க் பக்கம். சூடு ஈரத்தை உலர்த்துகிறது.

இரவு முழுக்க மழையில் நின்ற வண்டி, அல்லது புதிதாகப் பெட்ரோல் போட்ட வண்டி, காலையில் ஸ்டார்ட் ஆகி சிறிது தூரத்தில் திணற ஆரம்பித்து, இன்ஜின் எவ்வளவு சூடானாலும் சரியாகவில்லை என்றால் பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறது என்று கொள்ளலாம்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி சில கிலோமீட்டரில் பெட்ரோல் தீர்ந்ததுபோல் மெல்லச் சோர்ந்து நின்று, சற்று நேரம் விட்டால் திரும்ப ஓடி, மறுபடி அதே தூரத்தில் நின்றால், டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று மொத்தமாக நின்று, அதேபோல் சட்டென்று உயிர் பெற்றால் ஒயரிங் அல்லது சுவிட்ச். கரும்புகையும் பெட்ரோல் வாடையுமாக மந்தமாக இழுத்தால் ஏர் ஃபில்டர். மழை விட்டு நான்கைந்து நாள் கழித்துத் தொடங்கினால், எங்கோ ஒரு கனெக்டரில் களிம்பேறிப் பச்சை பூத்திருக்கிறது.

இதற்கு நடுவில் ஒரு விதிவிலக்கு. சில வண்டிகளில் இடிப்பது இன்ஜினே அல்ல. மழையில் எண்ணெய் கழுவிப்போன செயின் துருப்பிடித்துக் கணுக்கள் இறுகினால், வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விடுவதுபோல் போகும். ஓடும்போது கிளட்சைப் பிடித்துப் பாருங்கள். கிளட்ச் பிடித்த பிறகும், வண்டி உருண்டுபோகும்போது அந்த இடிப்பு தொடர்ந்தால் செயினையும் பிரேக்கையும் பாருங்கள். கார்புரேட்டரைத் தொட வேண்டாம்.

வழியில் நின்றுவிட்டால்

சாவியை அணைத்துவிட்டு பிளக் கேப்பை இழுத்துக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கேப்பைப் பிடித்து லேசாகத் திருகியபடி இழுக்க வேண்டும். காய்ந்த துணியால் பிளக்கின் பீங்கானையும் கேப்பின் உட்புறத்தையும் துடையுங்கள். நீரை விலக்கும் ஸ்ப்ரே இருந்தால் கேப்பிலும் ஒயரிலும் சிறிது அடித்து, அரை நிமிடம் விட்டுத் துடைத்து மாட்டுங்கள். டபிள்யூடி-40 என்ற பெயரில் இருக்கும் டபிள்யூ, டி என்ற இரண்டு எழுத்துகளும் தண்ணீரை விலக்குவதைத்தான் குறிக்கின்றன. அது முதலில் செய்யப்பட்டதே அதற்காகத்தான். பிரேக் டிஸ்க், பிரேக் ஷூ, டயர் பக்கம் அது தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துடைத்து மாட்டியதும் வண்டி சரியாகிவிட்டால் வீட்டுக்குப் போகலாம், கூடவே பழுதின் இருப்பிடமும் தெரிந்துவிட்டது. சரியாகவில்லை என்றால், திணறலோடே நெடுந்தூரம் ஓட்டிப் போகாதீர்கள். சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டிகளில் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து, அதை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

தண்ணீர்ப் புட்டிச் சோதனை

காய்ந்த வண்டியில் மழைக்காலக் கோளாறைப் பிடிக்க, மழையை நாமே உண்டாக்கிக்கொள்வதுதான் வழி. செடிக்கும் துணிக்கும் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே புட்டி ஒன்று போதும். குழாய்த் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். மின்சாரம் நன்றாகக் கடத்தட்டும் என்று உப்பு கலக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், பிறகு அந்த உப்பே கனெக்டர்களை அரிக்கும்.

இருட்டான, ஆனால் காற்றோட்டமுள்ள இடத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். மூடிய அறையில் இதைச் செய்தால் புகையே ஆளைச் சாய்த்துவிடும். எங்கும் பெட்ரோல் கசிவு இல்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் இன்ஜினின் பிளக் ஒயரைக் கையால் தொடக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையின் பக்கமே வர வேண்டாம்.

தெளிக்கும் வரிசை முக்கியம்: கீழிருந்து மேலே. காயில் பெரும்பாலும் டேங்க்குக்கு அடியில், உயரத்தில் இருக்கும். முதலில் அதன்மேல் தெளித்தால் தண்ணீர் ஒயர் வழியாக வழிந்து பிளக் கேப்பில் வந்து நிற்கும். திணறியது காயிலா கேப்பா என்று தெரியாமல் போய்விடும். ஆகவே பிளக் கேப்பின் அடி விளிம்பில் இரண்டு மூன்று முறை தெளித்துவிட்டு இருபது விநாடி காத்திருங்கள். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று திருகி விடுங்கள், இரண்டு மூன்று தடவை. எதுவும் ஆகவில்லையா? கேப்பும் ஒயரும் சேரும் கழுத்துக்கு வாருங்கள். அடுத்து ஒயரின் நீளம், குறிப்பாக அது ஃபிரேமில் உரசும் இடங்கள். அதன்பின் காயில். கடைசியாக, காயிலுக்கு வரும் சின்ன ஒயர்களின் கனெக்டர்கள்.

பழுதான இடம் நனைந்ததும் இன்ஜின் சத்தம் மாறும். இருட்டில் உற்றுப் பார்த்தால் கேப்பின் வெடிப்பிலிருந்து இன்ஜின் உலோகத்துக்கு நூல்போல் ஒரு நீல ஊதாப் பொறி தாவுவது தெரியும். டிக், டிக் என்று மெல்லிய சத்தமும் கேட்கும். அதைப் பார்த்துவிட்டால் அதன்பின் ஊகத்துக்கு வேலையில்லை.

கேப்பையும் பிளக்கையும் சரிசெய்வது

பிளக்கைக் கழற்றும் முன் அது உட்கார்ந்திருக்கும் குழியைப் பாருங்கள். பல இன்ஜின்களில் அந்தக் குழியில் தேங்கும் தண்ணீர் வெளியேற, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். சேறு அதை அடைத்துவிட்டால் குழி கிணறாகிவிடும்; பிளக் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருக்கும். நனைந்தால் திணறும் வண்டிகளில் இந்தத் துளையை யாரும் பார்ப்பதே இல்லை. மெல்லிய கம்பியால் குத்தி, காற்றடித்துத் திறந்துவிடுங்கள். குழியைக் காற்றால் சுத்தம் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் அங்கிருக்கும் மண் நேராகச் சிலிண்டருக்குள் விழும்.

பிளக்கின் வெளிப் பீங்கானில் பென்சிலால் கோடிழுத்ததுபோல் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா? ஸ்பார்க் திரும்பத் திரும்ப அந்த வழியே வழிந்து கரிப் பாதை போட்டிருக்கிறது. அந்தப் பாதை ஈரம் இல்லாதபோதும் மின்சாரத்தைக் கடத்தும். துடைத்தால் போகாது; பிளக்கையும் கேப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதில் இருக்கும் கோடு புதியதிலும் தடம் போட்டுவிடும்.

பிளக் நுனியின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டு அளவியால் அளந்து, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். தேய்ந்து 1.1 மி.மீ. ஆகிவிட்ட பிளக் வெயிலில் ஓடிவிடும். மழையில் அது கேட்கும் கூடுதல் வோல்டேஜே மின்சாரத்தை வெளிப் பாதைக்குத் தள்ளும். திரும்ப மாட்டும்போது கடைசி வரை கையாலேயே திருகி, வாஷர் தொட்டதும் ஸ்பேனரால் முறுக்குங்கள்: புதிய பிளக்காக இருந்தால் சுமார் அரைச் சுற்று, பழைய பிளக்குக்கு அதன் வாஷர் முன்பே நசுங்கியிருப்பதால் கடிகாரத்தின் மணி முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவே, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே, போதும்.

கேப்பை மல்டிமீட்டரில் அளந்து பார்க்கலாம். ரெசிஸ்டர் உள்ள கேப் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். அதைவிட மிக அதிகமாகவோ, எதுவுமே காட்டாமலோ இருந்தால் உள்ளே அரித்துப்போயிருக்கிறது. பல வண்டிகளில் கேப் ஒயரில் திருகி மாட்டப்பட்டிருக்கும். இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். ஒயர் நுனியின் செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் 5 அல்லது 6 மி.மீ. வெட்டியெறிந்துவிட்டு, பளபளப்பான செம்பு தெரிய, கேப்பை வலப்பக்கமாகத் திருகி ஏற்றுங்கள். ஒயர் ஏற்கெனவே இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் வெட்ட வேண்டாம். பிளக்கின் தலையிலேயே காயில் உட்காரும் புதிய வண்டிகளில் வெட்டுவதற்கு ஒயரே கிடையாது. அங்கே ரப்பர் சீல் வெடித்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

மாட்டும் முன், பிளக்கைப் பற்றும் ரப்பர் வாயின் உள்விளிம்பில் சிலிகான் கிரீஸை மெல்லிய வளையமாகத் தடவுங்கள். இது மின்சாரம் கடத்தாத கிரீஸ். உள்ளே இருக்கும் உலோகத்தில் பூச வேண்டியதில்லை. பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊறிப்போய் அடுத்த மழைக்கே வாய் பிளக்கும்.

இரண்டு சிலிண்டர் வண்டியில் எது வேலை செய்யவில்லை என்று தெரியாவிட்டால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் கழித்து இரண்டு சைலன்சர் குழாய்களிலும் இன்ஜினை ஒட்டிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் சுர்ரென்று ஆவியாகும். மற்றதில் சும்மா வழியும். வழிந்த பக்கம்தான் நோய். ஓடும்போது கேப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டிகளுக்கு ஆகாது. போக இடமில்லாத மின்சாரம் காயிலையும், ஸ்பார்க்கை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான சிடிஐயையும் எரித்துவிடலாம், உங்கள் கையையும் பதம் பார்க்கும்.

பெட்ரோலில் தண்ணீர்

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். டேங்க்கிலும் கார்புரேட்டரின் அடிக் கப்பிலும் அது அடியில் போய்த் தங்கும். ஜெட்டுகள் எனும் நுண்துளைத் திருகுகள் பெட்ரோலை உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். மெயின் ஜெட்டின் துளை ஏறக்குறைய ஒரு மி.மீ.; ஐட்லிங்குக்கான ஸ்லோ ஜெட்டின் துளை அதில் பாதிகூட இருக்காது. தண்ணீரின் பரப்பு இழுவிசை பெட்ரோலைவிட மூன்று மடங்குக்கு அருகில் என்பதால், ஒரு துளி நீர் அந்தத் துளையில் தக்கை வைத்ததுபோல் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் அரை ஸ்பூன் தண்ணீருக்கே வண்டி நின்றுவிடுகிறது.

இன்ஜின் ஆறியதும் கார்புரேட்டர் கப்பின் அடியில் உள்ள டிரெய்ன் திருகைப் பாருங்கள். கீழே கண்ணாடிப் புட்டியை வைத்து, திருகை ஓரிரு சுற்று தளர்த்தி, 30 முதல் 50 மி.லி. வரை பிடியுங்கள். பக்கத்தில் தீப்பொறி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. புட்டியை ஐந்து பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். பிறகு வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் தாமரை இலைமேல் உருளுவதுபோல் முத்து முத்தாகப் புட்டியின் அடியில் உருண்டு, ஒன்றோடொன்று சேரும். துருத் துகள்களும் வந்தால் டேங்க்கின் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. சுத்தமான பெட்ரோல் வரும்வரை இரண்டு மூன்று முறை வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகி, சில கிலோமீட்டரில் மீண்டும் திணறினால் டேங்க்கையே முழுதாக இறக்கி வடிக்க வேண்டும்.

தண்ணீர் எப்படிப் போனது? டேங்க்கோடு சமமாகப் பதிந்திருக்கும் பூட்டு மூடிகளைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். அங்கே விழும் மழைநீர் ஒரு சிறு துளை வழியாக, டேங்க்கின் ஊடே போகும் மெல்லிய குழாயில் இறங்கித் தரையில் சொட்ட வேண்டும். துளையில் தூசி அடைத்தாலோ, அடியில் ரப்பர் குழாய் மடங்கினாலோ பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, மூடியின் பழைய ரப்பர் வழியாக உள்ளே இறங்கும். மூடியைப் பூட்டிய நிலையில் அந்தப் பள்ளத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில விநாடிகளில் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் உடனே துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கீழிருந்து குழாயைக் கழற்றி ஊதி அடைப்பை எடுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சங்கதி இருக்கிறது. எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அந்த அளவு வரை வண்டிக்கு ஒன்றும் ஆகாது. 10 சதவீத எத்தனால் உள்ள பெட்ரோல் தாங்குவது சுமார் 0.5 சதவீதத் தண்ணீர், அதாவது பத்து லிட்டருக்கு ஏறக்குறைய 50 மி.லி. அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைக் கைவிட்டு அடியில் தனிப் படலமாக இறங்கிவிடும். குலுக்கினாலோ மேலே புதுப் பெட்ரோல் ஊற்றினாலோ தீர்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம். மேலே மிஞ்சியதும் ஆக்டேன் (முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறன்) குறைந்த பெட்ரோல்தான். மொத்தத்தையும் வடித்துவிடுவதே வழி.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்ஐ வண்டிகளில் வடிக்க கார்புரேட்டர் கப் கிடையாது; பம்ப் டேங்க்கின் அடியிலிருந்தே எடுக்கிறது. அங்கே சந்தேகம் இருந்தால் டேங்க்கைத்தான் வடிக்க வேண்டும்.

மூச்சுத் துளைகள்

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று டேங்க்குக்குள் போக வேண்டும். மூடியில் அதற்கான துளை ஈரச் சேற்றால் அடைத்தால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. வண்டி சோர்ந்து நிற்கும்போது உடனே மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி ஓடினால் விஷயம் முடிந்தது. கார்புரேட்டரிலிருந்து கீழே தொங்கும் காற்றுக் குழாய்களும் இதே இனம். அவற்றின் நுனி தேங்கிய தண்ணீருக்குள் மூழ்கினால் அந்த நேரம் மட்டும் வண்டி திணறும்.

குளிர்ப் பிரதேசங்களில் மட்டும் கவனிக்க ஒன்று: பூஜ்யத்திலிருந்து 10 டிகிரி செல்சியஸ் வரையிலான ஈரக்காற்றில், பெட்ரோல் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியால் கார்புரேட்டரின் கழுத்தில் பனி உறையும். சில நிமிடம் நிறுத்தினால் இன்ஜின் சூட்டில் அது உருகி, எதுவும் நடக்காததுபோல் வண்டி ஓடும். கழற்றிப் பார்த்தால் தடயமே இருக்காது.

ஏர் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காகித ஃபில்டர் நனைந்து உப்பினால் மாற்றிவிடுங்கள். உலர்த்தினாலும் பழைய நிலைக்கு வராது. ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவி, பிழிந்து, முழுக்க உலர்த்தி, அதற்கான எண்ணெய் பூசி மாட்டலாம். ஃபில்டர் பெட்டியின் அடியில் தொங்கும் சிறு ரப்பர் குழாயின் அடைப்பானைத் திறந்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் வெளியேறும்.

ஒயரும் சுவிட்சும்

சட்டென்று அணைந்து சட்டென்று எழும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது, ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் இன்ஜினை அணைக்கும் சைடு ஸ்டாண்டு சுவிட்ச். முன் சக்கரம் இறைக்கும் சேறு நேராக அதன்மேல்தான் விழுகிறது. நியூட்ரலில் ஓடிக்கொண்டிருந்த வண்டி கியர் போட்டதும் அணைந்தால் அநேகமாக அதுதான். கழுவி, உலர்த்தி, சுவிட்சை நாலைந்து முறை அசைத்துப் பாருங்கள். சோதனைக்காக அதை நேரடியாக இணைத்துப் பார்க்கலாம். ஆனால் அப்படியே விட்டுவிட்டு ஸ்டாண்டைப் போட்டபடி ஓட்டினால் முதல் வளைவிலேயே ஸ்டாண்டு தரையில் தட்டி ஆளைத் தூக்கியெறியும். ஹேண்டில்பாரில் இன்ஜினை அணைக்க இருக்கும் கில் சுவிட்சுக்குள்ளும் தண்ணீர் போகும்.

கனெக்டர்களைப் பார்க்கும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஆனால் கோளாறைக் காட்டும் எஃப்ஐ விளக்கு எரிகிறதென்றால், அதற்கு முன்பே அது எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணிக் கையேட்டில் பாருங்கள். பேட்டரியைக் கழற்றினால் சில வண்டிகளில் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். கனெக்டரைப் பிரித்ததும் பின்களில் பச்சையோ வெள்ளைப் பொடியோ இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு மாட்டுங்கள். கனெக்டருக்குள் போகும் ஒயர் மேலிருந்து நேராக இறங்கினால் தண்ணீரும் அதைப் பிடித்துக்கொண்டே இறங்கும். கனெக்டருக்குச் சற்றுக் கீழே ஒயர் வளைந்து தொங்கி, பிறகு மேலேறிப் போகும்படி கட்டிவிட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஒரு கனெக்டர் உள்ளுக்குள் கெட்டிருக்கிறதா என்று தெரிய, மின்சாரம் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை அதற்கு முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் வைத்து அளக்கலாம். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே மின்சாரம் வீணாகிறது. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டியும், இன்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையிலும் இருக்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜிங் ஒயர் போகும் மூன்று முனைக் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள், கருகியிருக்கலாம்.

தண்ணீரில் மூழ்கி நின்ற வண்டி

மேலே சொன்னதெல்லாம் நனைந்த வண்டிக்கு. வெள்ளத்தில் போகும்போது இன்ஜின் தண்ணீரைக் குடித்து நின்றுவிட்டால் செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள், கிக்கரையும் மிதிக்காதீர்கள். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதன்மேல் மோதினால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்துச் சிலிண்டரில் உள்ள தண்ணீரைப் பிளக் துளை வழியே வெளியேற்றிவிட்டுத்தான் மற்றது. பிறகு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் அதை ஓட்டக் கூடாது. வடித்து, புது ஆயில் ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, மறுபடியும் ஒருமுறை மாற்றுங்கள். மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை, உள்ளே ஆயில் தெளிவு என்றால் பயம் வேண்டாம்; குட்டிப் பயணங்களில் இன்ஜின் முழுதாகச் சூடேறாமல் படியும் ஆவிதான் அது.

எதைச் சரிசெய்தாலும், வேலை முடிந்ததும் அதே தண்ணீர்ப் புட்டியை எடுத்து, முதலில் எந்த இடத்தில் திணறியதோ அங்கேயே தெளியுங்கள். இந்த முறை தயங்காமல் நன்றாக நனையவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று திருகும்போது இன்ஜின் தடுமாறாமல் ஏறினால் பழைய கேப்பைத் தூக்கிப் போடலாம். தடுமாறினால் இன்னும் ஓரிடம் பாக்கி இருக்கிறது. கீழிருந்து மறுபடி தொடங்குங்கள்.